வயிற்றிலுள்ள கரு இலங்கைச் சட்டத்தில் ஓர் 'ஆள்' ஆகுமா? கருக்கலைப்பில் அரசுக்கு என்ன வேலை?

கேள்வி இது: இலங்கையில் கருக்கலைப்பு குற்றம் என்றால், சட்டம் கருவை ஒரு மனித ஆளாக ஏற்றுக்கொண்டுவிட்டது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அது ஏன் கொலை என்று சொல்லப்படவில்லை? ஆள் இல்லையென்றால் அரசு ஏன் குறுக்கே நிற்கிறது? கொழும்பில் ஒரு பெண்ணுக்கு இந்தச் சிக்கல் வந்தால் நடைமுறையில் என்ன நடக்கும்?

முதல் கேள்விக்கு விடை: இல்லை. எங்கள் சட்டம் கருவை ஆளாக ஏற்கவில்லை. அமெரிக்காவில் நடக்கும் சண்டையைச் செய்திகளில் பார்த்துவிட்டு அதையே இங்கும் பொருத்திப் பார்ப்பதால்தான் பலருக்கு இந்தக் குழப்பம். இங்கே தடை வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அதை நீக்கக்கூடிய கதவும் வேறு.

1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய கோவையை அடியொற்றி இங்கே கொண்டுவந்தது. கொலைக் குற்றத்தை வரையறுக்கும் இடத்திலேயே ஒரு விளக்கக் குறிப்பு இருக்கிறது: தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு மரணத்தை உண்டாக்குவது ஆட்கொலை ஆகாது. ஆனால் உயிருள்ள குழந்தையின் உடலில் ஒரு பகுதியாவது வெளியே வந்துவிட்டால், அது இன்னும் மூச்சு விடாவிட்டாலும், முழுமையாகப் பிறக்காவிட்டாலும், அதைச் சாகடிப்பது ஆட்கொலையாகலாம். ஆக, கோடு கிழிக்கப்பட்டிருப்பது பிறப்பில். அதே கோவையில் 'ஆள்' என்ற சொல்லுக்குள் கம்பனியும் சங்கமும் அடங்கும். ஒரு கம்பனி ஆள், பிறக்காத குழந்தை ஆள் அல்ல. சட்டத்தில் ஆள் என்பது உரிமையையும் கடமையையும் தொங்கவிடும் கொளுக்கி மட்டுமே, உயிர் இருக்கிறதா என்ற கேள்விக்கான விடை அல்ல.

சொத்து விடயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. எங்கள் பொதுச்சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். அதில் பழைய கற்பிதம் ஒன்று உண்டு: வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு நன்மை வரும் விடயங்களில், அது ஏற்கெனவே பிறந்துவிட்டது போலக் கருத வேண்டும். தகப்பன் இறக்கும்போது மனைவி ஐந்து மாதம் என்றால், அந்தப் பிள்ளையின் பங்கு தனியே நிறுத்தி வைக்கப்படும். பிள்ளை உயிரோடு பிறந்தால் பங்கு அதற்கு. உயிரோடு பிறக்காவிட்டால் அந்தப் பங்கு எழவே இல்லை என்று கொள்ளப்படும், மற்ற வாரிசுகளிடையே போய்விடும். கவனிக்க வேண்டியது, உயிரோடு பிறத்தல் என்ற நிபந்தனை. கரு ஏற்கெனவே ஆளாக இருந்தால் இப்படியொரு கற்பிதமே தேவைப்பட்டிருக்காது. இதே சட்ட மரபில் நிற்கும் தென்னாபிரிக்காவில், 1996ஆம் ஆண்டின் சட்டம் முதல் 12 வாரங்கள் வரை பெண் கேட்டாலே கருக்கலைப்புச் செய்ய இடமளித்தது. அதை எதிர்த்துப் போன வழக்கில், அரசியலமைப்பு வாழ்வுரிமை வழங்கும் 'ஒவ்வொருவரும்' என்ற சொல்லில் கரு அடங்காது என்று 1998இல் தீர்ப்பு வந்தது. அது எங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உரோமன் டச்சுச் சட்டம் கருவை ஆள் என்கிறது என்று யாராவது வாதிட்டால் காட்டுவதற்கு நல்ல உதாரணம்.

அப்படியானால் குற்றம் எங்கே இருக்கிறது? 303 முதல் 307 வரையான பிரிவுகளில், கொலையிலிருந்து பிரித்துத் தனியாக. 303இன் சாரம் இது: கர்ப்பிணி ஒருவருக்கு வேண்டுமென்றே கருச்சிதைவை உண்டாக்குபவர், அது அந்தப் பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நோக்கில் நல்லெண்ணத்துடன் செய்யப்படாவிட்டால், 3 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். கரு அசைவு தெரியத் தொடங்கிய பிறகு என்றால் 7 வருடம் வரை சிறை, தண்டப்பணமும் உண்டு. பெண்ணின் சம்மதம் இல்லாமல் செய்தால் 304ஆம் பிரிவு, 20 வருடம் வரை. கருவைக் கலைக்கும் எண்ணத்தில் செய்த செயலால் பெண் இறந்துவிட்டால் 305, அதுவும் 20 வருடம் வரை. அந்தச் செயலால் மரணம் வரும் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. 303இன் விளக்கக் குறிப்பு மற்றொன்றையும் சொல்கிறது: தானே தன் கருவைக் கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருகிறாள். செய்துவிட்டவர் மட்டும்தான் குற்றவாளி, செய்துகொண்டவர் தப்பிவிடுவார் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியைப் படிக்காதவர்கள்.

இந்தப் பிரிவில் எது இல்லை என்று பார்ப்பதுதான் முக்கியம். வைத்தியர் என்ற சொல் இல்லை. எத்தனை வாரம் என்ற எல்லை இல்லை. எத்தனை வைத்தியர்கள் கையெழுத்திட வேண்டும், எந்த வைத்தியசாலையில் செய்ய வேண்டும், எந்தப் படிவம், எதுவும் இல்லை. வல்லுறவு, நெருங்கிய உறவினரால் வந்த கர்ப்பம், 16 வயதுக்குக் குறைந்த சிறுமி, மூளையே வளராத கரு, இவற்றுக்கு விதிவிலக்கு இல்லை. உடல்நலம், மனநலம் என்ற சொற்களும் இல்லை. 'உயிரைக் காப்பாற்ற' என்ற இரண்டு சொல் மட்டுமே. நல்லெண்ணம் என்பதற்குக் கோவை தரும் அர்த்தமும் வீட்டில் நாங்கள் பேசும் அர்த்தம் அல்ல: போதிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்த எதுவும் நல்லெண்ணத்துடன் செய்ததாகாது. 'பாவம் பார்த்துச் செய்தேன்' என்பது எதிர்வாதம் ஆகாது.

இங்கேதான் நடைமுறையில் சிக்கல் முளைக்கிறது. சில நிலைமைகளில் சந்தேகமே இல்லை. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கிவிட்டால் அது வளர வாய்ப்பே இல்லை, குழாய் வெடித்தால் பெண்ணின் உயிர் போகும். எந்த வைத்தியரும் தயங்க மாட்டார். வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டால் அதை வெளியேற்றுவதும், தானாக ஏற்பட்ட கருச்சிதைவில் மிச்சம் தங்கியதைச் சுத்தம் செய்வதும் சாதாரண வைத்தியம், 303க்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. தகராறு நடுவில் இருக்கும் நோயாளிகளில்தான்: நுரையீரல் இரத்த அழுத்தத்தோடு கூடிய கடும் இருதய நோய், இருபது வாரத்திலேயே ஏறிவிட்ட இரத்த அழுத்தம், பதினேழு பதினெட்டு வாரத்தில் பன்னீர்க்குடம் உடைந்து காய்ச்சல் தொடங்கும் நிலை. இன்றைக்கு உயிர் போகாது, மூன்று வாரத்தில் போகலாம். 'காப்பாற்ற' என்பது எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது? சட்டம் சொல்லவில்லை. காத்திருந்தால் நோயாளிக்கு ஆபத்து, முந்தினால் வைத்தியருக்கு ஆபத்து. அயர்லாந்தில் 2012இல் சவிதா ஹலப்பனவர் என்ற இந்தியப் பெண் 17ஆவது வாரத்தில் கருச்சிதைவு தொடங்கிய பின், கருவின் இதயத்துடிப்பு இருக்கிறது என்று கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, கிருமி இரத்தத்தில் பரவி இறந்தார். அந்த நாட்டு அரசியலமைப்பில் 1983இல் சேர்த்த திருத்தம் தாயின் உயிருக்கும் கருவின் உயிருக்கும் சம உரிமை கொடுத்திருந்தது. 2018இல் மக்கள் வாக்கெடுப்பில் அதைத் தூக்கி எறிந்தார்கள்.

இதனால்தான் இங்கே அரச வைத்தியசாலைகளில் ஒரு நிபுணர் தனியே முடிவெடுக்க விரும்புவதில்லை. மகப்பேற்று நிபுணரோடு நோய்க்கேற்ற இன்னொரு நிபுணரின், உதாரணமாக இருதய நிபுணரின், எழுத்து அபிப்பிராயமும் கட்டில் டிக்கெட்டில் (நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேட்டில்) இருக்க வேண்டும். கர்ப்பம் தொடர்ந்தால் உயிருக்கு என்ன ஆபத்து, எந்தப் பரிசோதனை அதைக் காட்டியது, வேறு சிகிச்சை ஏன் போதாது, இவை திகதியும் நேரமும் போட்டு எழுதப்பட்டிருந்தால் நல்லெண்ணத்தைப் பிறகு யாரும் கேள்வி கேட்பது கடினம். குடும்பத்தவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 'ஏதாவது செய்யுங்கோ டொக்டர்' என்று கெஞ்சுவதை விட, 'இந்த வருத்தத்துக்கு மற்ற நிபுணரின் அபிப்பிராயம் எடுத்தாச்சா, எழுதியாச்சா?' என்று மரியாதையாகக் கேட்பது பலன் தரும். பொரளை காசல் வீதி பெண்கள் வைத்தியசாலை, டி சொய்சா வைத்தியசாலை போன்ற இடங்களில் பெரிய வைத்தியசாலையின் நிபுணர்களை அழைப்பது புதிய விடயம் அல்ல.

இங்கிலாந்தில் 1938இல் வல்லுறவுக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்த வைத்தியர் அலெக் போர்ன் விடுதலையானார். பெண் உடலாலும் மனத்தாலும் சிதைந்து போவதைத் தடுப்பதும் உயிரைக் காப்பதில் அடங்கும் என்று அந்த நீதிபதி ஜூரிக்குச் சொன்னார். இங்கும் அந்த வாதத்தை எடுக்கலாமே என்று சட்ட மாணவர்கள் கேட்பார்கள். எடுக்கலாம். ஆனால் அது எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல. அதை மட்டும் நம்பி ஒரு வைத்தியரை இறங்கச் சொல்வது நியாயமும் அல்ல.

இனி நீதிமன்றத்தால் ஏன் இதை மாற்ற முடியாது என்ற கேள்வி. அமெரிக்காவில் 1973இல் ரோ வழக்கில் நீதிமன்றமே தடையை உடைத்தது, 2022 ஜூனில் டொப்ஸ் வழக்கில் நீதிமன்றமே அதைத் திருப்பி மாநிலங்களிடம் கொடுத்தது. எங்கள் 1978 அரசியலமைப்பில் அந்தக் கதவு இரண்டு பூட்டால் பூட்டியிருக்கிறது. 16(1) உறுப்புரை, அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் ஏற்கெனவே இருந்த சட்டங்கள் செல்லும் என்கிறது. 1883ஆம் ஆண்டுக் கோவை அதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. 80(3) உறுப்புரை, பாராளுமன்றம் நிறைவேற்றி அத்தாட்சி கிடைத்த சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது என்கிறது. எனவே 12ஆம் உறுப்புரையின் சமத்துவத்தைக் காட்டி 303ஐ நீக்கக் கேட்டு உயர் நீதிமன்றம் போனால் வாசலிலேயே நின்றுவிடும். வாழ்வுரிமை என்று ஒரு தனி உறுப்புரையும் எங்களிடம் இல்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாருக்கும் மரண தண்டனை கொடுக்கக் கூடாது என்னும் 13(4)இல் இருந்து அது உய்த்தறியப்படுகிறது என்று காவலில் நடந்த ஒரு மரணம் தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் 2003இல் சொன்னது. அதுவும் பிறந்து வாழும் ஆட்களைப் பற்றியது.

ஆக, மிச்சமிருப்பது பாராளுமன்றம். அங்கே நடந்ததைப் பார்த்தால் ஒரு மாதிரி தெரியும். 1995இல் தண்டனைச் சட்டக்கோவை பெரிதாகத் திருத்தப்பட்டது. பாலியல் துன்புறுத்தல், தகாப் புணர்ச்சி (நெருங்கிய உறவினரிடையேயான பாலுறவு) போன்றவற்றுக்குப் புதிய பிரிவுகள் வந்தன. சம்மத வயது 16 ஆனது. வல்லுறவு, தகாப் புணர்ச்சி, கருவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் வாசகமும் முதலில் அந்தச் சட்டமூலத்தில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் அதை மட்டும் கழற்றிவிட்டு மற்றவற்றை நிறைவேற்றினார்கள். 2017இல் நீதியரசர் அலுவிகாரை தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் மீண்டும் விடயம் அமைச்சரவை வரை போனது. கத்தோலிக்க ஆயர்கள் எதிர்த்தார்கள், அது அங்கேயே நின்றது. அதே ஆண்டு பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. குழுவும் இலங்கையிடம் இதைத்தான் கேட்டது. இரண்டு முறையும் முன்வைக்கப்பட்டவை மிகக் குறுகிய விதிவிலக்குகள். யாரும் கருக்கலைப்பைத் திறந்துவிடக் கேட்கவில்லை. இருந்தும் முடியவில்லை.

சமயங்களின் நிலை ஒன்றுக்கொன்று வேறு. கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கருவுற்ற கணத்திலிருந்தே அது உயிர். இஸ்லாமிய அறிஞர்களில் பலர் 120 நாளில் ஆன்மா ஊதப்படுகிறது என்று சொல்லி அதற்கு முன், பின் என்று பிரிப்பார்கள். ஆனால் வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோ முஸ்லிம் தனியாள் சட்டமோ திருமணத்தையும் சொத்தையும்தான் தொடும். தண்டனைச் சட்டக்கோவை எல்லாருக்கும் ஒன்று. 120 நாளுக்கு முன் செய்தேன் என்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நின்று சொன்னால் நீதவான் கேட்க மாட்டார்.

கருவைச் சட்டத்தில் ஆளாக்கிவிட்டால் குழப்பம் தீரும் என்று சிலர் நினைக்கிறார்கள். தீராது, பெருகும். 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா மாநில உயர் நீதிமன்றம், உறைநிலையில் சேமித்த கருமுளைகளும் 'குழந்தைகள்' என்று ஒரு நட்டஈட்டு வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த நாட்களில் அங்குள்ள சில குழந்தைப்பேறு சிகிச்சை நிலையங்கள் வேலையை நிறுத்தின. சில வாரங்களில் சட்டமன்றம் அவசர அவசரமாக அவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற வேண்டி வந்தது. கொழும்பிலும் அத்தகைய சிகிச்சை நடக்கிறது. சேமித்த கருமுளை ஆள் என்றால் அதற்குப் பங்கு உண்டா, அதைக் கலைக்கச் சம்மதித்த தம்பதி குற்றவாளியா? அரசுக்கு வளரும் உயிரில் அக்கறை இருக்கலாம், இருக்கவும் வேண்டும். அந்த அக்கறையைக் காட்ட ஆள் என்ற பட்டம் தேவையில்லை. கர்ப்பிணிக்குத் திரிபோஷா சத்துமா கொடுப்பதும், மிட்வைஃப் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் அந்த அக்கறைதான்.

இனி நடைமுறை. வல்லுறவு நடந்திருந்தால் நேரம்தான் எல்லாம். பொஸ்டினோர் போன்ற அவசர கருத்தடை மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு பலன். அது முட்டை வெளிவருவதைப் பிற்போடுகிறது, ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைக்காது, ஆகவே 303க்குள் வராது. பாமசியில் கேட்கத் தயங்க வேண்டாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கும் அதே 72 மணித்தியாலம். கொழும்பு 10 டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிலையம் இருக்கிறது. குளிக்காமல், உடுப்பைத் துவைக்காமல், உடுப்பைக் கடதாசிப் பையில் போட்டு (பொலித்தீன் வேண்டாம், ஈரத்தில் கெட்டுவிடும்) அரச வைத்தியசாலைக்குப் போனால் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிப்பார். பிள்ளை என்றால் 1929, பெண் என்றால் 1938 இலக்கம். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்க உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதி 'கையெழுத்துப் போடுங்கோ' என்றால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை போட வேண்டாம்.

கர்ப்பம் தங்கிவிட்ட பின் பாமசியில் ஒளித்துக் கொடுக்கும் மாத்திரையும், பெயர்ப்பலகை இல்லாத கிளினிக்கும் எங்கே பிழைக்கின்றன என்றால்: எத்தனை வாரம் என்று ஸ்கேன் பார்ப்பதில்லை. கரு குழாயில் இருந்தால் மாத்திரை அதைத் தொடாது, இரத்தம் போனதும் வேலை முடிந்தது என்று பெண் இருந்துவிடுவாள், பிறகு குழாய் வெடிக்கும். கருவி சுத்தமில்லை, கர்ப்பப்பை துளைபடுகிறது, இரத்த வகை பார்ப்பதில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு பெரிய பேட் நனைந்து இரண்டு மணித்தியாலம் தொடர்ந்தால், 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் நின்றால், கெட்ட மணத்துடன் வெள்ளை பட்டால், தோள்பட்டை நோவோடு தலை சுற்றினால், வீட்டில் ஒரு நிமிடமும் வைத்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கருக்கலைப்புக்குப் பின்னான சிகிச்சை சட்டபூர்வமானது, அரச வைத்தியசாலையில் இலவசம், சுகாதார அமைச்சே அதற்கு வழிகாட்டல் வைத்திருக்கிறது. வைத்தியர் உங்களைப் பொலிஸில் முறையிட வேண்டும் என்று 303 எங்கும் சொல்லவில்லை. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தாமதத்தால்தான் பெண்கள் சாகிறார்கள். இறந்துவிட்டால்தான் விடயம் கட்டாயமாக விசாரணைக்குப் போகும்.

பொலிஸ் வந்துவிட்டால், அவர்களிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பாவிக்க முடியாது. ஆனாலும் சட்டத்தரணி வரும்வரை பேசாமல் இருப்பதே நல்லது. வசதி இல்லாதவர்களுக்குப் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வீட்டில் பிள்ளை இறந்தே பிறந்தால் வெட்கத்தில் இரகசியமாகப் புதைக்க வேண்டாம். பிறப்பை மறைக்கச் சடலத்தை ஒளிப்பது 309ஆம் பிரிவின்கீழ் தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை. கருச்சிதைவு இயற்கையாக நடந்திருந்தாலும் அந்தப் புதைகுழி கதையை மாற்றிவிடும்.

அடுத்த முறை ஒரு திருத்தச் சட்டமூலம் வர்த்தமானியில் வந்தால், எத்தனை விதிவிலக்கு என்று எண்ணுவதோடு நிறுத்த வேண்டாம். வல்லுறவுக்கு என்ன ஆதாரம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். வழக்குத் தீர்ப்பு வேண்டும் என்றால் அந்த விதிவிலக்கு வெறும் கடதாசி, வழக்கு முடியும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போகும். குறைபாட்டுக்கு வார எல்லை 20க்குக் கீழே வைத்தால் அதுவும் உதவாது, ஏனென்றால் கருவின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்தில்தான் எடுக்கப்படுகிறது. இந்தியா 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் எல்லையை 2021இல் குறித்த சில வகையினருக்கு 24 வாரமாக உயர்த்தியதோடு, கடும் குறைபாடு என்று வைத்தியக் குழு சொன்னால் வார எல்லையையே எடுத்துவிட்டது. கையெழுத்திட வேண்டிய நிபுணர்கள் கொழும்பில் மட்டும் கிடைப்பவர்களா, கிளிநொச்சியிலும் பதுளையிலும் கிடைப்பவர்களா என்று பாருங்கள். கடைசியாக, பெண்ணையே குற்றவாளியாக்கும் அந்த 303இன் விளக்கக் குறிப்பு அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். 1995இலும் 2017இலும் நடந்த சத்தத்தில் அந்த வரியைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை.